ஜெபத்துக்குப் பதில் வராத அத்தியாயம்

"பைபிள் கையில் இருக்கும்போது கட்டுக்கதை எதற்கு?" திருகோணமலையில் கிறிஸ்தவ நாவல் வாசிக்கிற யாரும் இந்தக் கேள்விக்கு ஒருநாள் பதில் சொல்லியே ஆகவேண்டும். என்னிடம் கேட்டவர் எங்கள் சபையில் மூத்தவர் ஒருவர். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. நடக்காததை நடந்ததுபோல எழுதினால் அது பொய்தானே, அதைச் சபை மண்டபத்தில் வைத்துச் சொல்லலாமா என்பது அவருடைய கவலை.

நான் அவருக்கு இரண்டாம் சாமுவேல் 12ஆம் அதிகாரத்தைக் காட்டினேன். தாவீது பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவளுடைய கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டாயிற்று. நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்கு வருகிறார். வந்தவர் குற்றத்தைச் சொல்லவில்லை, கதை சொல்கிறார். ஒரு பணக்காரன், ஒரு ஏழை. ஏழையிடம் இருப்பது ஒரேயொரு ஆட்டுக்குட்டி. அது அவன் பிள்ளைகளோடு வளர்ந்து, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்துக் கிடந்தது. பணக்காரன் தன் மந்தையை விட்டுவிட்டு அதைப் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்துவிட்டான். தாவீது கொதித்துப்போகிறான். அவன் சாகவேண்டியவன், நாலு மடங்கு திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறான். அதற்குப் பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" என்ற வார்த்தை வருகிறது. நாத்தான் நேரே விஷயத்துக்கு வந்திருந்தால் ராஜாவிடம் நூறு நியாயம் தயாராக இருந்திருக்கும். ஆட்டுக்குட்டிக்காகக் கோபப்பட்ட நேரத்தில் அவனிடம் ஒரு நியாயமும் மிஞ்சியிருக்கவில்லை.

பெரியவர் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் மண்டபத் திறப்பைத் தந்தார். அங்கேதான் சனிக்கிழமை பின்னேரங்களில் கூடுகிறோம். பெரும்பாலும் பெண்கள். மெதடிஸ்த சபைக்காரர், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே ஆராதனைக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் சைவக் குடும்பத்து ரீச்சர் ஒருவரும் வருகிறார். நான் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். நாவலை வீட்டில் வாசித்துவிட்டு மண்டபத்தில் தமிழில் கதையாகச் சொல்வேன். முக்கியமான உரையாடல்களை மட்டும் முதல் நாளே தமிழாக்கி கொப்பியில் எழுதிக்கொண்டு போவேன்.

இது தொடங்கியது 2022 மின்வெட்டுக் காலத்தில். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. சீரியல் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. கடல் காற்று வாங்கலாம் என்று மண்டபத்து விறாந்தையில் வந்திருந்தவர்களுக்குக் கதை சொல்லத் தொடங்கினேன். கரண்ட் ஒழுங்காக வந்த பிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. அது ஏன் என்று எனக்குப் பிடிபட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு உதவும்.

எனக்கு இந்த ருசியைக் காட்டியது அம்மம்மா. அவருக்கு மோட்சப் பிரயாணம் ஏறக்குறைய மனப்பாடம். அதை எழுதிய ஜான் பன்யன் அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக இங்கிலாந்தில் 12 வருடம் சிறையில் கிடந்தவர். 1678இல் அந்தக் கதையின் முதல் பாகம் வெளிவந்தது. தமிழ்நாட்டில் கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவித்தான் 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தைக் காவியமாகப் பாடினார். அம்மம்மாவுக்குக் காவியம் தேவைப்படவில்லை. அவர் சொல்லுகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: சந்தேகக் கோட்டை. மோட்சத்துக்குப் பயணம் போகிற கதாநாயகன் கிறிஸ்தியானும் அவனுடைய தோழனும் வழி தவறி, அவநம்பிக்கை என்ற அரக்கனிடம் பிடிபடுகிறார்கள். புதன்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை இரவு வரை சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. அரக்கன் வந்து அடிக்கிறான். அடித்துவிட்டு, உங்களுக்கு இனி விடிவு கிடையாது, நீங்களே உயிரை மாய்த்துக்கொள்ளுங்கள் என்கிறான். கிறிஸ்தியானும், இந்த நிலவறையைவிடச் சவக்குழி நல்லது என்று சொல்லிவிடுகிறான். கடைசியில் ஞாயிறு விடிவதற்குச் சற்று முன்னால்தான், வாக்குத்தத்தம் என்ற திறப்பு இவ்வளவு நாளும் தன் மார்புக்குள்ளேயே இருந்தது அவனுக்கு ஞாபகம் வருகிறது.

சின்ன வயதில் எனக்கு அந்தக் கோட்டை என்றால் நம்முடைய பிரெட்ரிக் கோட்டைதான். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் நுழைகிற அந்தக் கல்வாசலைக் காணும்போதெல்லாம் அரக்கன் உள்ளேதான் இருக்கிறான் என்று நினைப்பேன். 1990இல் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது அம்மம்மா இதே கதையைப் பிள்ளைகளைச் சுற்றி இருத்திவைத்துச் சொன்னார். சுற்றி நின்ற பெரியவர்களும் கேட்டார்கள். செத்தால் நல்லது என்று ஒரு விசுவாசி வாய்விட்டுச் சொல்லலாம், அப்படிச் சொன்னவனும் மோட்சத்துக்குப் போகலாம் என்பதை அந்த நாட்களில் வேறு யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. புதன் தொடங்கிச் சனி வரைக்கும் வருகிற அந்த நாலு நாளை அம்மம்மா ஒருபோதும் சுருக்க மாட்டார். திறப்பை எடுக்கச் சொல்லிப் பிள்ளைகள் கத்துவார்கள். "பொறுங்கோ, இன்னும் வியாழக்கிழமைதான்" என்பார்.

எனக்குத் தெரிந்த மட்டில் இந்த நாவல்களின் ஈர்ப்பே அதுதான். பிரசங்கத்தில் கேள்வியும் பதிலும் அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடுகின்றன. ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் பதில் கிடைத்தவர்கள். பதில் கிடைக்காதவர்கள் பின்வரிசையில் இருந்துவிட்டுப் போகிறார்கள். நாவலில் ஒரு ஜெபம் 20ஆம் பக்கத்தில் ஏறெடுக்கப்பட்டு 200ஆம் பக்கம் வரை பதில் இல்லாமல் கிடக்கலாம். அந்த இடைவெளியில்தான் வாசிக்கிறவள் தன்னுடைய ஜெபத்தையும் கொண்டுவந்து வைக்கிறாள்.

சனம் வழக்கமாகச் சொல்லுகிற காரணம் வேறு: "சுத்தமான கதை, பிள்ளைகளும் வாசிக்கலாம்." அதில் உண்மை இல்லாமல் இல்லை. இப்போது கிறிஸ்தவ நாவல் என்று தனி அலுமாரி போட்டு விற்கிறார்களே, அந்த வகை பெரிதாக எழும்பியது 1979இல் கனடாக்காரி ஜெனட் ஓக் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி'க்குப் பிறகு. கெட்ட வார்த்தை இல்லை, படுக்கையறை விவரம் இல்லை. தாய்மார் நம்பிப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். ஆனால் சுத்தம் மட்டும் ஒரு கதையைத் தாங்காது. ஒருவரும் பாவம் செய்யாத, எல்லாரும் இனிமையாகப் பேசுகிற நாவலை நான் சொல்லும்போது, பாதியிலேயே யாராவது தேத்தண்ணி போட எழும்பிவிடுவார்கள். வேதாகமமே அப்படிச் சுத்தமான புத்தகம் இல்லையே. தாவீதின் கதையைத்தானே முதலில் சொன்னேன்.

அந்த ஜெனட் ஓக் நாவல் எங்கள் மண்டபத்தில் எப்படிப் போனது என்று சொல்லவேண்டும். கதாநாயகி மார்ட்டி. மேற்கே குடியேறப் போகும் வழியில் கணவன் செத்துவிடுகிறான், இவள் வயிற்றில் பிள்ளை. புதைத்த அன்றைக்கே கிளார்க் என்ற மனிதன் வருகிறான். அவன் மனைவியை இழந்தவன், கையில் சின்ன மகள். தன்னைக் கலியாணம் செய்துகொண்டு அந்தப் பிள்ளைக்குத் தாயாக இருக்கும்படி கேட்கிறான். வசந்த காலம் வந்தும் அவளுக்குப் பிடிக்காவிட்டால் ஊர் திரும்ப வண்டிக் கூலி தருவதாகவும் சொல்கிறான். இந்த இடத்தில் நான் கொப்பியை மூடினேன்.

மண்டபம் கொந்தளித்துவிட்டது. "புருசனைப் புதைச்ச அண்டைக்கே கலியாணமோ! என்ன பொம்பிளை அவள்?" என்றார் ஒரு மாமி. இன்னொருவர் அவன் நல்லவன் வேஷம் போடுகிறான் என்றார். சத்தம் கொஞ்சம் ஓயட்டும் என்று காத்திருந்ததுபோல, மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியிருக்கும் ஒரு அக்கா பேசினார். யுத்தத்தில் கணவனை இழந்தவர், இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர். சாதாரணமாக ஒன்றும் கதைக்க மாட்டார். "அவளுக்கு ஆசையில்லை மாமி. குளிருக்கு ஒரு கூரை வேணும். எனக்கும் ஒராள் கேட்டவர். ஊர் என்ன சொல்லும் எண்டு நான் மாட்டன் எண்டிட்டன். அதுக்குப் பிறகு எத்தினை மாரிக்கு வீடு ஒழுகினது எண்டு எனக்குத்தான் தெரியும்" என்றார். மாமி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அக்காவை எங்களுக்குப் பல வருடமாகத் தெரியும். மறுமணம் பற்றி மாதர் சங்கத்தில் யாரும் வாய் திறந்ததில்லை. அமெரிக்கப் புல்வெளியில் நடப்பதாகக் கனடாக்காரி எழுதிய கதை அன்றைக்கு அதைத் திறந்தது. வந்திருந்த ஒருவரும் அதை வெளியில் கொண்டுபோகவில்லை. நான் இதை எழுதுவது அந்த அக்காவே எழுதச் சொன்னதால்.

இதிலிருந்து கூட்டம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: முடிவு எடுக்கவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் கதையை நிறுத்துங்கள். முடிவு தெரிந்துவிட்டால் எல்லாரும் அதை ஆமோதிப்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். நிறுத்திய பிறகு "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்" என்று கேட்காதீர்கள், அது பள்ளிக்கூடக் கேள்வி. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கவேண்டாம், அது ஆளை மூலையில் தள்ளும். "அவள் செய்தது சரியா?" என்று கேட்டால் போதும். அவளைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டே தன்னைப் பற்றிப் பேசலாம். அப்புறம், கூட்டத்தில் கேட்டது அங்கேயே இருக்கவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நம்முடைய ஊரில் கதை பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச்சேர அதிக நேரம் ஆகாது.

புத்தகம் தெரிவு செய்வதற்கு எனக்கு ஒரு சோதனை இருக்கிறது. நடுப் பகுதியைத் திறந்து, யாராவது ஜெபித்துப் பதில் கிடைக்காமல் இருக்கிறார்களா என்று பார்ப்பேன். பிரான்சின் ரிவர்ஸ் எழுதிய 'ரிடீமிங் லவ்' இந்தச் சோதனையில் தேறுகிறது. விட்டுப்போன மனைவியைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட ஓசியா தீர்க்கதரிசியின் கதையை 1850களின் கலிபோர்னியத் தங்க வேட்டைக் காலத்தில் வைத்து எழுதியது. மைக்கேல் என்ற விவசாயி, சின்ன வயதிலேயே விற்கப்பட்டு விபச்சாரத்தில் தள்ளப்பட்ட ஒரு பெண்ணை மணக்கிறான். அவள் திரும்பத் திரும்ப ஓடிப்போகிறாள். கடைசித் தடவை அவன் தேடிப் போகவில்லை, காத்திருக்கிறான். அது வருடக் கணக்காக நீளுகிறது. வெளிநாட்டில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்த ஒரு தங்கச்சி இந்தக் கதைக்கு மட்டும் ஒரு சனிக்கிழமையும் விடாமல் வந்தாள். "அவள் ஏன் ஓடினவள் எண்டு எனக்கு விளங்குது அன்ரி. சும்மா அன்பு காட்டினால் பயமாத்தான் இருக்கும், பிறகு என்ன கேப்பினமோ எண்டு" என்றாள். ஆனால் இந்தப் புத்தகத்தில் சிறுமிக்கு நடக்கிற கொடுமை இருக்கிறது. அதை முதல் நாளே சொல்லி, கேட்க ஏலாதவர்கள் எழும்பிப் போகலாம் என்றும் சொல்லிவிடவேண்டும். கிறிஸ்தவ நாவல்தானே என்று அட்டையை நம்பி இளம் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

ஆமிஷ் என்ற கட்டுப்பாடான கிறிஸ்தவச் சமூகத்து மக்களைப் பற்றிய நாவல்கள் இங்கே இளம் பெண்களிடம் நன்றாகப் போகின்றன. பெவர்லி லூயிஸ் 1997இல் 'தி ஷன்னிங்' எழுதிய பிறகு பெருகிய வகை இது. கார் ஓட்டாத, பொது மின்சாரம் எடுக்காத பென்சில்வேனியா விவசாயிகளின் கதையில் நம்முடைய பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் அதிசயமே இல்லை. பெரியவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது, கலியாணம் என்றால் ஊரே பேசும், சபையை மீறினால் சொந்தத் தாயே ஒரே மேசையில் இருந்து சாப்பிட மாட்டாள். நியூயோர்க்கில் தனியாக வாடகைக்கு இருந்து தானாகவே காதலனைத் தேடிக்கொள்கிற கதாநாயகியைவிட இந்தப் பெண் நமக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

இன்னொரு வகையை நான் மண்டபத்துக்குக் கொண்டுபோவதில்லை. கடைசிக் கால நாவல்கள். டிம் லாஹேயும் ஜெரி ஜென்கின்ஸும் சேர்ந்து 1995இல் தொடங்கிய 'லெஃப்ட் பிஹைண்ட்' வரிசை 16 புத்தகங்கள் வரை போனது, கோடிக்கணக்கில் விற்றது. லண்டனுக்குப் பறக்கிற விமானத்தில் நடுவானில் பயணிகள் மறைந்துபோகிறார்கள், இருக்கையில் அவர்களுடைய உடுப்பு மட்டும் கிடக்கிறது. விறுவிறுப்பான தொடக்கம்தான், பொடியன்கள் விடிய விடிய வாசிக்கிறார்கள். ஆனால் எங்கள் கூட்டத்தில் காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் இருந்த தாய் இருக்கிறார். அவர் வீட்டில் மகனுடைய சேர்ட் இன்னும் மடித்தபடி இருக்கிறது. உடுப்பு மட்டும் மிஞ்சியது என்ற வரியை அவருக்கு முன்னால் ஒரு விறுவிறுப்புக்காகச் சொல்ல என்னால் முடியாது. எந்தக் கதையையும் யார் முன்னால் சொல்லுகிறோம் என்று பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

அந்த நாவல்களை வாசிக்கிற இளைஞர்களுக்கு நான் சொல்லுவது வேறு. நாவலின் பின்னால் எந்த உபதேசம் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு வாசியுங்கள். இயேசு வந்து விசுவாசிகளைத் திடீரென்று எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை, அதற்குப் பிறகு ஏழு வருட உபத்திரவம் என்கிற அந்த வரிசை 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி பரப்பிய விளக்கத்திலிருந்து வருவது. கத்தோலிக்கத் திருச்சபை அப்படிப் போதிப்பதில்லை, அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளின் போதனையும் அது அல்ல. பல பெந்தெகொஸ்தே சபைகளில் போதிக்கிறார்கள். வாசித்துவிட்டு இரவில் பயந்து எழும்பிய ஒரு பெடியனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப இது வசனம் இல்லையா ரீச்சர்?" என்று கேட்டான். கற்பனைக்கும் வசனத்துக்கும் நடுவில் உள்ள கோடு எது என்று நாங்கள் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். அந்தப் பெரியவருடைய கவலையில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான்.

சைவ ரீச்சரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் கதைக்காக வருகிறார். நாங்கள் ஜெபித்து முடிக்கும்போது அமைதியாக இருப்பார், பிறகு மைக்கேலுடைய பொறுமையைப் பற்றி எல்லாரையும்விட நன்றாகக் கதைப்பார். கூட்டத்துக்கு வந்த ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கைப்பிரதி கொடுக்கப் பார்த்தபோது நான் தடுத்தேன். நாவலைத் தூண்டிலாகப் போட்டால் அதற்குப் பிறகு கதையை யாரும் கதையாகக் கேட்க மாட்டார்கள். இந்த ஊரில் கோயிலும் சேர்ச்சும் பள்ளிவாசலும் ஒரே வீதியில் இருக்கின்றன, அயலவரின் நம்பிக்கையை இழந்துவிட்டு நடத்துகிற வாசிப்பு எனக்கு வேண்டாம்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு, டொலர் 200இலிருந்து 360க்குப் போனது, புதிதாக இறக்குமதி செய்வதை வாங்க எங்களால் முடியவில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் லீவில் வருகிறவர்களிடம் வாசித்து முடித்த நாவல் ஒன்றைப் பெட்டியில் வைத்து வரும்படி கேட்கிறோம், அநேகமாகக் கொண்டுவருகிறார்கள். தமிழில் வேண்டுமென்றால் சென்னையில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1858இலிருந்து பதிப்பித்து வருகிறது, இந்தியாவுக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிடலாம். கடல் பக்கம் என்பதால் மாரியில் புத்தகம் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், வெயில் நாளில் புத்தகங்களைக் காயவிட்டு, காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள்.

இத்தனையும் வெளியிலிருந்து வந்த கதைகள். நம்முடைய கதை எங்கே என்று இப்போது எங்கள் கூட்டத்திலேயே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கேட்க உரிமை உள்ள ஊர்தான் இது. தமிழின் முதல் நாவலை 1879இல் தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். 1891இல் இன்னாசித்தம்பி ஒரு ஐரோப்பியக் கதையைத் தழுவி 'ஊசோன் பாலந்தை கதை'யை எழுதியது இலங்கையில். 1895இல் 'மோகனாங்கி'யை எழுதிய சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். அவர் எழுதியது சமய நாவல் அல்ல, நாயக்கர் காலத்துச் சரித்திரக் கதை. ஆனாலும் நாவல் எழுதுவது இந்த ஊருக்குப் புதிதில்லை.

கூட்டத்துக்கு வருகிற உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுதத் தொடங்கியிருக்கிறாள். மீன்பிடிக் குடும்பம். தகப்பன் கடலுக்குப் போய் மூன்றாம் நாளும் திரும்பவில்லை. தாய் கரையில் ஜெபிக்கவில்லை. அடுப்படியில் உலை வைத்துக்கொண்டே, "நீர் கடல் மேல நடந்தனீர்தானே, அப்ப போய்ப் பாரும்" என்று இயேசுவைப் பேசுகிறாள். அந்த வரியை அவள் வாசித்தபோது கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. முதல் பிரதியில் அதற்கு அடுத்த பக்கமே தகப்பன் வந்துவிடுகிறான். தாய் மன்னிப்புக் கேட்டு ஜெபிக்கிறாள், எல்லாரும் சேர்ச்சுக்குப் போகிறார்கள்.

வந்தால் என்ன, பிள்ளை சந்தோஷமாக முடிக்கட்டும் என்கிறார் மாமி. மூதூர்ப் பக்கத்து அந்த அக்கா, அவன் வரக்கூடாது என்கிறார், வராமலும் அவள் விசுவாசத்தில் இருக்கலாம்தானே என்பது அவருடைய வாதம். வருவதா வராமல் போவதா என்று எழுதுகிறவளே தீர்மானிக்கட்டும் என்று நான் சொன்னேன். நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: அந்தத் தாயை உடனே மன்னிப்புக் கேட்க வைக்காதே, மூன்றாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குப் போக இன்னும் சில பக்கம் எடுத்துக்கொள். அடுப்பு எரியட்டும், அயல் சனம் வந்து போகட்டும், சின்னவன் பசிக்கிறது என்று அழட்டும். பரீட்சை முடிந்ததும் திருத்தி எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.